ஒரு தவு

பிளாக்குக்குச் சாம்பல் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.
நான் கேட்கவில்லை பெயின்ட்.
பட்டிவீரன்பட்டி தாண்டி மலையேறும்போது
டெம்போவின் பின்னால் சாக்கு விலக விலக
புது மாப்பிள்ளைபோல் மினுக்கிக்கொண்டு வந்தது.
மினுக்கினால் சந்தேகப்படு என்று
யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
இரண்டு என்ஜின் போனால் தானாக வரும்.

தாண்டிக்குடி. மாசி விடியல்.
தகரக் கொட்டகையில் புகை விடுவது நான்தான்,
ஜீப்புக்கு இன்னும் உயிர் வரவில்லை.
சிலிண்டருக்குள் பல்பை இறக்கிப் பார்க்கிறேன்.
ஒன்றிலும் இரண்டிலும் நான்கிலும்
ஹோனிங் கோடுகள் கோரைப்பாய் பின்னல்.
மூன்றாவதில் மட்டும் சாய்வு சரிந்து
கிட்டத்தட்டப் படுத்துவிட்டன.
சுற்றியது மெஷின்.
ஏறி இறங்க வேண்டிய கை
எதையோ நினைத்துக்கொண்டு தாமதித்திருக்கிறது.

பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து
எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கறுப்பு.
மறுபடி. கறுப்பு.
ஆறாவது துண்டிலும் நறநறவென்று ஏதோ.
கழுவாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.
சாணைத்தூள் எண்ணெயோடு கிளம்பினால்
பியரிங் எல்லாம் ஒரு வாரச் சாப்பாடு.

பிறகு பிஸ்டன்.
பில்லில் எழுதியிருப்பது ஐந்து தவு இடைவெளி.
ஃபீலரில் ஆறாம் நம்பர் தகடு
கூப்பிடாமல் வீட்டுக்குள் வரும் பங்காளியாய்
நேரே உள்ளே போகிறது.

தவு என்றால்
தலைமுடியை மூன்றாக வகிர்ந்ததில் ஒன்று.
'அந்த முடிக்காகவா மலை இறங்கப்போறீங்க?'
என்றாள் பவுன்தாயி.
நாற்பது மூட்டை சவ்சவ் ஏற்றிப் பார்,
அந்த முடி உள்ளேயிருந்து கதவு தட்டும் என்றேன்.
டெம்போ வாடகை ஆயிரத்து எண்ணூறு, திரும்பவும்.

ஒவ்வொரு வளைவிலும் ஒரு வசவு தயார் செய்தேன்.
பெரும்பாறை வளைவில் வந்தது நல்ல வசவு.

வத்தலக்குண்டு. இப்ராம்சா சண்டைக்கு வரவில்லை.
பிஸ்டனைத் துடைத்து பிளாக் மேலேயே வைத்தார்,
டீ சொன்னார், வேறு யாருக்கோ புஷ் கடைந்தார்.
வெயில் ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தது.
மதியம் தொழுதுவிட்டு வந்து,
'இப்பப் போடுங்க' என்றார்.
ஆறு நுழையவில்லை.
ஐந்து, கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடி.

'குளிர்ல அளந்திருப்பீங்க.
அலுமினியம் சுருங்குற அளவுக்கு
வார்ப்பிரும்பு சுருங்காதுல்ல, சடையாண்டி.'

அவர் பொய் எழுதவில்லை.
நானும் பொய்யாக அளக்கவில்லை.
எங்களுக்கு நடுவில் ஒரு தவு அகலத்தில்
மலை நின்றிருக்கிறது.
பெரும்பாறை வசவை விழுங்கினேன்.

ஆனால் துணி சுருங்காது.
ஆறு துண்டையும் பில் புத்தகத்தின் மேல் விரித்தேன்.
பல்பை மூன்றாவதில் இறக்கிக் காட்டினேன்.
பட்டறைப் பையன் அமல்
தரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தான்.

வெகுநேரம் குனிந்தே இருந்தார்.
'மத்த மூணும் இவன் போட்டது' என்றார்.
'இது நான்.
அன்னிக்கு மருமகன் போன்ல.'
அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலு இழுப்பு, கோடுகள் எழுந்து நின்றன.
வெந்நீரும் சோப்புத்தூளும் பிரஷுமாய்
அவரே மண்டியிட்டுக் கழுவினார்,
என் வேட்டித்துணி வெள்ளையாகவே திரும்பும்வரை.
பெயின்ட் அங்கங்கே உரிந்தது.
அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பதினோராம் நாள், சரக்கோடு முதல் ஏற்றம்.
ஆயில் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.
தடியன்குடிசைக்கு மேல் மூடுபனி,
பின்னால் வருவது புகையா பனியா
கண்ணாடியில் தெரியவில்லை.
நிறுத்தி இறங்கி
சைலன்சர் வாயில் துணியைப் பிடித்தேன்.
டீசலுக்கு உரிய கரி கொஞ்சம்.
எண்ணெய்ப் பிசுக்கு இல்லை.

போன் செய்து நல்ல வேலை என்று சொல்லலாம்தான்.
ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டும்.